பின்னால் மிதித்தால் முன்னால் போகும் சைக்கிள்

என் அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் என்னை மச்சான் என்று கூப்பிடுவார். இந்த உறவில் ஒருவரை ஒருவர் கிண்டல் பண்ணாமல் ஒரு நாள் போனால் சாமிக் குத்தம் ஆகிவிடும் என்பது என் நம்பிக்கை. சாமி விஷயத்தில் நான் ரொம்பக் கவனமாக இருந்தேன்.

மாமா பொம்மசந்திராவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதைச் செய்தவன் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டான் என்று அவருக்குத் தோன்றும். கல்யாணமான புதிதில் அக்காவின் தேங்காய்த் துருவிக்குக் கைப்பிடி வைத்துத் திருத்தினார். சுற்றினால் தேங்காய்ப்பூ தட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் விழுந்தது. அப்புறம் வாசல் கதவுக்கு, தானாக மூடிக்கொள்கிற மாதிரி ஒரு ஸ்பிரிங் போட்டார். அது முதல் நாளே மாமாவை வெளியே வைத்து மூடிக்கொண்டது. உள்ளேயிருந்த அக்கா திறப்பதற்கு ஒன்றும் அவசரப்படவில்லை.

நானும் ஒன்பதாம் வகுப்பும் ஒத்துப்போகாமல் பிரிந்து சில வருஷம் ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், மர்பி டவுனில் அக்கா வீட்டிலேயே சாப்பிட்டு, அக்கா வீட்டிலேயே தூங்கி, அதற்குப் பதிலாக அக்காவின் இட்லியை மேட்டுக்கு ஏற்றிக் கொடுப்பது என் வேலை.

அந்த மேட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் வீடு பள்ளத்தில் இருந்தது. மேட்டு உச்சியில் ஒரு தையல் கம்பெனி. காலையில் பசியோடு பஸ் ஏறி வருகிற பெண்கள், எட்டு மணி பெல் அடிப்பதற்குள் கேட் வாசலில் நின்று எதையாவது சாப்பிட்டுவிட்டு உள்ளே ஓடுவார்கள். அந்த ‘எதையாவது’ அக்காவின் இட்லியாக இருக்கவேண்டும் என்று சூப்பர்வைசர் அம்மாவிடம் பேசி ஆர்டர் வாங்கியிருந்தாள் அக்கா. அந்த ஆர்டரை நம்பித்தான் பங்களா வீடுகளில் பாத்திரம் தேய்ப்பதை விட்டிருந்தாள். விடும்போது ஒரு வீட்டு அம்மா, “எங்க போயிடுவே, திரும்ப இங்கதான் வருவே” என்று சொல்லியனுப்பியிருந்தாள். அந்தப் பேச்சை அக்கா மாவு அரைக்கும்போதெல்லாம் சேர்த்து அரைத்தாள்.

இட்லி நன்றாகத்தான் இருந்தது. நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை, அதுதான் தொல்லை. கேரியரில் இட்லி டிரம், ஹேண்டில்பாரில் சாம்பார் தூக்கு. மாமாவின் அந்தப் பழைய கறுப்பு சைக்கிளை இந்தச் சுமையோடு மேட்டில் மிதிக்க, எனக்கு இருப்பதைப்போல இன்னொரு ஜோடி கால் வேண்டும். அதனால் தள்ளிக்கொண்டு போவேன். மூச்சு வாங்க நின்றால் சைக்கிள் வீட்டுக்குத் திரும்பக் கிளம்பிவிடும். பிரேக்கை இறுக்கிப் பிடித்தாலும் பின்னால் வழுக்கும். ஒரு நாள் அப்படி வழுக்கி, சாம்பாரில் பாதியை ரோட்டுக்கு ஊற்றினேன். தெரு நாய்கள் ரெண்டு, மறுநாளிலிருந்து அதே இடத்தில் எனக்காகக் காத்திருக்க ஆரம்பித்தன.

கேட்டுக்கு எதிரே ஒரு பேக்கரி. நான் வர லேட்டானால் பெண்கள் அங்கே பன்னும் டீயும் வாங்கிக்கொள்வார்கள். பேக்கரிக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அன்பாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

ஒரு வியாழக்கிழமை பெல் அடித்து முடித்த பிறகு போய் நின்றேன். சூப்பர்வைசர் அம்மா வாட்ச்சைக் காட்டிக் கன்னடத்தில் சொன்னாள்.

“நோடப்பா, சோமவாரவூ லேட் ஆதரெ, ஆமேலெ பன்னே.”

திங்கட்கிழமையும் லேட்டானால் இட்லி கிடையாது, இனி பன்தான் என்று அர்த்தம். வெள்ளியும் சனியும் பண்டிகைக்காகக் கம்பெனி லீவு, ஞாயிறு எப்போதும் லீவு. வீட்டில் வந்து சொன்னேன். அக்கா கிரைண்டரை நிறுத்தினாள்.

“அந்தப் பங்களா அம்மா மூஞ்சில போயி நான் திரும்ப நிக்கமாட்டேன்டா” என்றாள். “தலைல சொமந்துகினாவது ஏத்திடறேன்.”

“தலைல எல்லாம் வேணாம்” என்றார் மாமா. “ஞாயித்துக்கெழம பாரு.”

அது என்ன என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். மாமா ரெண்டு மாதமாகப் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் எதையோ கடைந்துகொண்டிருக்கிறார் என்று அவரோடு வேலை செய்கிறவர் முன்பே சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். சைக்கிளின் பின்சக்கரத்து நடுவில் இருந்த பழைய ஹப்பைக் காணோம். அந்த இடத்தில் நீளமாக, பளபளவென்று ஒரு புது ஹப் இருந்தது. அதில் செயின் ஓடுகிற பல்சக்கரம், அந்த ஃப்ரீவீல், ஒன்றுக்குப் பதிலாக ரெண்டு, பக்கத்தில் பக்கத்தில். ஒன்று எப்போதும் இருக்கிற சின்னது. இன்னொன்று பெரியது, பழைய இரும்புக் கடையில், சரக்கு ஏற்றும் மூணு சக்கர வண்டியிலிருந்து பிடுங்கியது. ரெண்டு செயினைச் சேர்த்து ஒரே நீளச் செயினாக்கி, நடுவில் ஒரு சின்ன உருளையும் வைத்து, எங்கெங்கேயோ சுற்றிவிட்டிருந்தார்.

“இன்னாயா இது, கொடல் வெளிய வந்தா மாதிரி தொங்குது?” என்றாள் அக்கா.

மாமாவுக்குக் கோபம் வரவில்லை. பெரிய ஆட்களுக்கு வராது. அக்காவின் ரெண்டு இட்லித் தட்டையும் ஒரு பாவாடை நாடாவையும் எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார். “இது சின்ன சக்கரம், இது பெரிய சக்கரம்” என்று ரெண்டு தட்டையும் வைத்தார். நாடாவை முதல் தட்டில் நேராகச் சுற்றி, அப்படியே மடக்கி, ரெண்டாவது தட்டில் எதிர்ப்பக்கமாகச் சுற்றினார்.

“முன்னாடி மிதிச்சா சின்னது இழுக்கும், பெரிசு சும்மா சுத்தும். எப்பவும் போறா மாதிரி வேகமா போவும். பின்னாடி மிதிச்சா செயின் திரும்பி ஓடும். ஆனா பெரிசுல எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கே? அதனால அது முன்னாடிதான் சுத்தும். மெதுவா போவும், ஆனா பலமா போவும். சமத்துல முன்னாடி மிதி, மேட்டுல பின்னாடி மிதி. கியரு மச்சான், கியரு! கைய வைக்க வேணாம், கம்பி வேணாம், காலுதான் கியரு.”

நாடாவைப் பின்னால் இழுத்தார். ரெண்டாவது தட்டு முன்னால் சுற்றியது. எனக்குப் புரிந்ததுபோல இருந்தது. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

“அப்ப மேட்டுல நான் பின்னாடி மிதிச்சுகினே முன்னாடி போவணும்?”

“ஆமா.”

“எல்லாரும் பாக்கறப்ப?”

“பாக்கட்டுமே.”

“மாமா, பழைய ஹப்ப எங்க வெச்சிருக்கே? எதுக்கும் கேக்கறேன்.”

“அதத்தான் மச்சான் அறுத்து, இதுல சேத்துட்டேன்.”

அக்கா அவரைப் பார்த்த பார்வையில், பக்கத்து வீட்டில் பால் திரிந்திருக்கும். நாளைக் காலையில் ஆர்டர் நிற்குமா போகுமா என்பது, இனி அந்தக் குடல் தொங்குகிற சைக்கிளின் கையில்.

உடனே ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். செயினுக்குக் கவர் போட வழியில்லாததால் லுங்கியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். சமமான ரோட்டில் ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. தெருமுனைக் குழாயில் பெண்கள் குடத்தோடு வரிசையாக நின்றார்கள். எனக்கு முன்னால் ரேஷன் கடையில் எடை போடுகிறவர் நடு ரோட்டில் பேப்பர் படித்துக்கொண்டே நடந்தார்.

இங்கே எங்கள் ஏரியா வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். சைக்கிளுக்கு பெல் என்பது வாங்கும்போது மட்டும் இருக்கும். அப்புறம் அது வேறு யாருடைய சைக்கிளிலாவது இருக்கும். அதனால் நாங்கள் காலால் பெல் அடிப்போம். முன்னால் ஆள் போனால் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுவோம். ஃப்ரீவீல் டிக்டிக்டிக் என்று கத்தும், ஆள் ஒதுங்குவார். இதை யோசித்துச் செய்வதில்லை. கால் தானாகச் செய்யும்.

என் கால் தானாகச் செய்தது. நான் பெடலைப் பின்னால் வேகமாகச் சுற்றினேன். டிக்டிக் சத்தம் வரவில்லை. நான்தான் வந்தேன்.

ரேஷன் கடைக்காரர் பேப்பரோடு ஒரு குடத்தின் மேல் உட்கார்ந்தார். நான் மற்ற குடங்களின் மேல் படுத்தேன்.

“டேய், ஆளப் பாத்தா நிறுத்துவாங்க, இவன் வேகமா மிதிக்கறான்டா!” என்று அவர் குழாயடிக்கே சாட்சி சொன்னார். பெண்கள் சொன்னதை நான் எழுதப்போவதில்லை.

மாமா ஓடிவந்தார். என்னைத் தூக்குவார் என்று கையை நீட்டினேன். அவர் சைக்கிளைத் தூக்கி ஹப்பைத் தடவிப் பார்த்தார்.

“வேல செஞ்சிருக்கு பாத்தியா மச்சான்!” என்றார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அவருடைய கல்யாணப் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை.

உடைந்த குடத்துக்கு அக்கா தன் குடத்தைக் கொடுத்துவிட்டு வந்து, “நாளைக்கு இட்லி கீழ விழுந்துதுன்னு வெச்சுக்கோ, ரெண்டு பேரையும் அந்தப் பங்களாவுக்கு அனுப்பிடுவேன். நீங்க தேயுங்க பாத்திரம்” என்றாள்.

திங்கட்கிழமை மாமா பட்டறைக்கு வயிற்றுவலி என்று சொல்லியனுப்பிவிட்டார். மேடு ஆரம்பிக்கும் இடத்தில் எங்களுக்கு முன்னாலேயே போய், யாரோ மந்திரி வரப்போகிறார் என்பதுபோல நின்றார். அக்காவாலும் வீட்டில் இருக்க முடியவில்லை. சாம்பார்க் கரண்டியைப் பிடித்தபடி சைக்கிளுக்குப் பின்னாலேயே வந்தாள். கேரியரில் டிரம் இருந்ததால் காலைப் பின்பக்கம் வீசி ஏற முடியாது. முன் கம்பிக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு ஏறினேன்.

“சீட்டுல நல்லா பின்னாடி தள்ளி ஒக்காரு” என்றார் மாமா. “படில பின்பக்கமா எறங்கறா மாதிரி மிதி. யாரப் பாத்தும் டிக்டிக் பண்ணாத.”

மிதித்தேன். பெடல் பின்னால் போனது, சைக்கிள் முன்னால் போனது. ஆமை வேகம்தான், ஆனால் போனது. நேற்றுவரை என் நாக்கைத் தொங்கவைத்த மேட்டில், சுமையோடு, உட்கார்ந்தபடி ஏறிக்கொண்டிருந்தேன். முன்தொடைக்கு வேலையே இல்லை. பின்தொடையில் மட்டும் இத்தனை நாள் சும்மா இருந்த ஒரு சதை, யாருடா என்னை எழுப்பினது என்று கேட்டது.

சாம்பார் நாய்கள் ரெண்டும் வழக்கமான இடத்தில் நின்றிருந்தன. என் கால் ஒரு பக்கமும் சைக்கிள் ஒரு பக்கமும் போவதைப் பார்த்துக் குரைக்க மறந்துவிட்டன. ஸ்கூலுக்குப் போகிற பையன்கள் மறக்கவில்லை.

“அண்ணா, வூட்டுக்குப் போறியா, கம்பெனிக்குப் போறியா?”

“டேய், கேசட்டு ரிவர்ஸ்ல ஓடுதுடா!”

நான் அடுத்தவர்களைக் கிண்டல் பண்ணிப் பிழைத்தவன். திரும்பி வாங்கிக்கொள்வது அவ்வளவு சுகமாக இல்லை. மாமா மட்டும் பக்கத்திலேயே நடந்துகொண்டு, கேட்காதவர்களுக்கெல்லாம், “ரெண்டு ஃப்ரீவீலு, ஒரே ஹப்பு, நம்ம வேலதான்” என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

பாதி மேட்டில் ஒரு சந்திலிருந்து தண்ணி லாரி ரிவர்ஸில் வந்து ரோட்டை அடைத்தது. நான் நிறுத்தவேண்டியதாகிவிட்டது. மேட்டின் நடுவில், முழுச் சுமையோடு. போன தடவை சாம்பார் போனதும் இப்படி நின்றபோதுதான்.

“புடிச்சுக்கோ, புடிச்சுக்கோ!” என்று கத்திக்கொண்டு அக்கா ஓடிவந்து, டிரம்முக்குப் பின்னால் ரெண்டு கையையும் முட்டுக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அப்புறம் ஒரு கையை எடுத்தாள். இன்னொரு கையையும் எடுத்தாள்.

சைக்கிள் பின்னால் வரவில்லை. நான் பிரேக்கைப் பிடிக்கக்கூட இல்லை. சுவரில் சாய்த்துவைத்த மாதிரி நின்றது. சாம்பார் தூக்கு ஆடாமல் இருந்தது.

“ஏன் வழுக்கல?” என்றாள் அக்கா.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் அதே கேள்வி இருந்தது. அப்புறம் குனிந்து செயினைப் பார்த்தார், விரலால் காற்றில் இந்தப் பக்கம் ஒரு வட்டம், அந்தப் பக்கம் ஒரு வட்டம் போட்டார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

“சக்கரம் பின்னாடி போவணும்னா, சின்னது செயின ஒரு பக்கம் இழுக்கும், பெரிசு இன்னொரு பக்கம் இழுக்கும். ரெண்டும் மல்லுக்கு நிக்கும். எப்படி நகரும்? பூட்டிக்கும். அது வேணும்னேதான் வெச்சேன்.”

“பொய்” என்றோம், நானும் அக்காவும் ஒரே குரலில்.

லாரி விலகியது. நிதானமாக மறுபடி மிதிக்க ஆரம்பித்தேன். கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெல் அடிக்க நேரம் இருந்தது. அதைவிட ஆச்சரியம், எனக்கு மூச்சும் இருந்தது.

கேட் வாசலில் கம்பெனி வேன் நின்றதால், சைக்கிளைப் பேக்கரி முன்னால், முன்சக்கரம் கடையின் படியைப் பார்க்க நிறுத்தினேன். பெண்கள் மொய்த்துக்கொண்டார்கள். பேக்கரிக்காரரின் அன்பான சிரிப்பு அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது, வந்து சீக்கிரம் போய்விட்டது.

“ஏ, கடெ முந்தெ யாகப்பா நில்லிசிதீயா? தெகி தெகி!” என்று சொல்லிக்கொண்டே இறங்கிவந்தார். கடை முன்னால் ஏன் நிறுத்தினாய், எடு எடு என்கிறார். நான் இட்லி எடுத்து வைப்பதில் மும்முரமாக இருந்ததால், அவரே ஹேண்டில்பாரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

சைக்கிள் அசையவில்லை. பூட்டைத் தேடினார். பூட்டு இல்லை. காலைப் படியில் உதைத்துக்கொண்டு இழுத்தார். அசையவில்லை. கோபத்தில் முன்னால் ஒரு தள்ளு தள்ளினார். இட்லி டிரம்மோடு சைக்கிள் ஒரு முழம் அவருடைய கடைக்குள் வந்தது.

பெண்கள் சிரித்த சிரிப்பில் கேட் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

“அண்ணா, அதெல்லாம் முன்னாடி மட்டும்தான் போவும்” என்றேன். “இன்னொரு தடவ தள்ளுங்க, உங்க கண்ணாடி அலமாரிலயே இட்லி வெச்சுக்கலாம்.”

பின்சக்கரத்தைத் தூக்கினால் எடுத்துவிடலாம். எனக்கு அது தோன்றவில்லை. கிண்டலாக எழுதவில்லை, நிஜமாகவே தோன்றவில்லை. தோன்றியிருந்தால் சொல்லியிருப்பேனா என்பது வேறு கேள்வி. அதற்குள் பெண்கள் அவர் கடைப் படியிலேயே உட்கார்ந்து இட்லி சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ரெண்டு பேர் அவரிடமே டீ கேட்டார்கள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய் டீ போட்டார். நாலைந்து பேர் கேட்டதும் பார்வை கொஞ்சம் இளகியது. பன் விற்றால் ஒரு பன்னும் ஒரு டீயும். இட்லி தின்றவர்கள் காரத்துக்கு ரெண்டு டீ குடித்தார்கள்.

பெல் அடித்தது. டிரம் காலி. சூப்பர்வைசர் அம்மா கடைசி இட்லியை நின்றபடியே சாப்பிட்டாள். அக்கா கரண்டியோடு கொஞ்சம் தள்ளி, பரீட்சை எழுதிவிட்டு வந்தவள்போல நின்றாள்.

“சரி, இட்லினே இரலி” என்றாள் அந்த அம்மா. இட்லியே இருக்கட்டும். அப்புறம் என்னைப் பார்த்து, நாளைக்கு நான் பின்னால் மிதித்து வருவதைத் தானும் பார்க்கவேண்டும், கொஞ்சம் சீக்கிரம் வா என்றாள்.

திரும்பி வரும்போது மாமா தெருவில் ஒரு ஆளை விடவில்லை. ரேஷன் கடைக்காரரையே நிறுத்தி, நேற்று அவர் மேல் ஏறியது எவ்வளவு நல்ல ஹப் என்று விளக்கினார். அக்கா ஒரு வார்த்தை பாராட்டவில்லை. ஆனால் மத்தியானம் சாப்பாட்டில் மாமாவுக்கு மட்டும் முட்டை இருந்தது.

“மிதிச்சவன் நானு” என்றேன்.

“நீ நேத்தே ஒரு கொடம் தின்னுட்ட” என்றாள்.

சில மாதம் கழித்து, இன்னொரு மேட்டில் இருந்த ஒரு கம்பெனியும் இட்லி கேட்டது. ஒரே நேரத்தில் ரெண்டு மேட்டில் என்னால் ஏற முடியாது. அக்கா மாமா முன்னால் போய் நின்றாள்.

“லேடீஸ் சைக்கிள்ல அத மாட்டமுடியுமா?”

மாமா தட்டும் நாடாவும் எடுக்க எழுந்தார். “அதெல்லாம் வேணாம், முடியுமா முடியாதா?” என்றாள்.

முடிந்தது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அக்கா பின்னால் மிதித்து மேடேறினாள். அவள் போகிற வழியில் அந்தப் பழைய பங்களாவும் இருந்தது. அந்த வீட்டு அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாளாம். அக்கா அந்த இடத்தில் மட்டும் முன்னால் மிதித்தாள் என்று மாமா சொல்வார்; மேட்டில், டிரம்மோடு, பல்லைக் கடித்துக்கொண்டு. எனக்கென்னவோ நம்பலாம் என்றுதான் தோன்றுகிறது.

ஒரு நாள் நானே பார்த்தேன். பாதி மேட்டில் ரெண்டு பையன்கள், “அக்கா, பெடலு தப்பா சுத்துது!” என்று கத்தினார்கள். வேறு சைக்கிளாக இருந்தால் கேட்காததுபோல ஏறிப் போயிருக்கவேண்டும். அக்கா நிறுத்தினாள். ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர்கள் வீடு எது, அப்பா யார், போன பரீட்சையில் என்ன மார்க்கு என்று ஆரம்பித்து, நிதானமாக, ஒன்று விடாமல் திட்டி முடித்தாள். பின்னால் டிரம் அசையாமல் காத்துக்கொண்டிருந்தது. அப்புறம் பெடலில் காலை வைத்துப் பின்னால் மிதித்து, முன்னால் போனாள்.

சாயங்காலம் மாமாவிடம் சொன்னேன்.

“அதுக்கும் சேத்துதான் மச்சான் வெச்சேன்” என்றார்.